நீக்கிவிட்டு மறுபடி சேர்க்காதீர்கள்

லினக்ஸில் நெட்வொர்க் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று யார் கேட்டாலும் முதலில் வந்து விழும் பதில் ஒன்றுதான்: "பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். பாதி நேரம் அது பலிக்கவும் செய்கிறது. அது பலிப்பதுதான் எனக்கு உறுத்தல். ஏன் பலித்தது என்பது கேட்டவருக்கும் தெரிவதில்லை, சொன்னவருக்கும் தெரிவதில்லை. மூன்று வாரம் கழித்து அதே பிரிண்டர் மறுபடி மௌனமாகிறது. மறுபடி சேர்க்கிறார்கள். பழையதை நீக்க மறந்தால் அச்சிடும் சாளரத்தில் ஒரே பிரிண்டர் மூன்று பெயரில் நிற்கும். கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டிய அந்தப் பட்டியலில் எது உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் நிலை. புதிதாக லினக்ஸுக்கு வந்தவர் இந்த இடத்தில் எடுக்கும் முடிவு "லினக்ஸில் பிரிண்டர் சரிவராது" என்பது. அந்த முடிவு தவறு. அவரை அங்கே கொண்டுபோய் விட்டது நாம் கொடுத்த பதில்.

நீக்கும்போது என்ன போகிறது என்று பாருங்கள். அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற சேவை, ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. பிரிண்டர் எந்த முகவரியில் இருக்கிறது, எந்த வழியில் பேச வேண்டும், கடைசியாக என்ன பிழை வந்தது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அந்த வரிசையோடுதான் இருக்கும். நீக்கினால் இத்தனையும் அழியும். கூடவே நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஏ4 தாள், இருபக்க அச்சு, இயல்புநிலை பிரிண்டர் என்ற அமைப்புகளும் போகும். நோய்க்கான தடயம் முழுவதையும் துடைத்துவிட்டு மருந்து தேடுவது போன்றது அது. சேர்க்கும்போது நடப்பது என்ன? கணினி நெட்வொர்க்கில் புதிதாகத் தேடி, பிரிண்டர் இப்போது இருக்கும் முகவரியை எடுத்துக்கொள்கிறது. நின்றுபோன வரிசைக்குப் பதில் நிற்காத புது வரிசை வருகிறது. அச்சு வந்துவிடுகிறது. முகவரி ஏன் மாறியது, வரிசை ஏன் நின்றது என்ற கேள்வி இரண்டும் அப்படியே இருக்கின்றன.

இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். எங்கே பெரிய எழுத்து வேண்டுமோ அங்கே சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்னால் ஒரு பார்வை

டெர்மினலைத் திறந்து எல்பிஸ்டாட் -டி என்று அடியுங்கள். எல், பி ('பிரிண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) என்ற இரண்டு எழுத்தை அடுத்து 'ஸ்டாட்', இடைவெளி, சிறு கோடு, டி ('டைம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து). இது எதையும் மாற்றாது, பார்க்க மட்டும் செய்யும். முதல் வரி கப்ஸ் ஓடுகிறதா என்று சொல்லும். ஓடவில்லை என்றால் அதற்குமேல் படிக்க ஒன்றுமில்லை, சேவையைத் துவக்கிவிட்டு வாருங்கள். ஓடினால் 'டிவைஸ் ஃபார்' என்று தொடங்கும் வரிக்குப் போங்கள். ஒவ்வொரு பிரிண்டரின் முகவரியும் அங்கே இருக்கும். புதியவர் கண் இந்த வரியைத் தாண்டிப் போய்விடும், ஆனால் விடையில் பாதி இதில்தான் இருக்கிறது.

அந்த முகவரி எப்படித் தொடங்குகிறது என்பதே ஒரு செய்தி. 'ஐபிபி' என்றோ 'ஐபிபிஎஸ்' என்றோ தொடங்கினால் கணினியும் பிரிண்டரும் இருவழியில் பேசுகின்றன. தாள் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது என்று பிரிண்டர் திரும்பச் சொல்ல முடியும். 'சாக்கெட்' என்று தொடங்கினால் 9100 என்ற போர்ட்டுக்கு, அதாவது கருவியில் ஒரு சேவைக்கென்று எண்ணிட்டு வைத்த வாசலுக்கு, தரவைத் தள்ளிவிடும் பழைய முறை. போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. 'எல்பிடி' என்றால் அதைவிடப் பழையது, போர்ட் 515. 'டிஎன்எஸ்எஸ்டி' என்று தொடங்கினால் முகவரியில் எண் இருக்காது, பெயர்தான் இருக்கும். அச்சிடும் ஒவ்வொரு முறையும் கணினி அந்தப் பெயரை நெட்வொர்க்கில் கூவிக் கேட்டுத்தான் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும். 'இம்ப்ளிசிட்கிளாஸ்' என்று இருந்தால் அந்த வரிசையை நீங்கள் உருவாக்கவில்லை, கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணைச் சேவை தானாக உருவாக்கியது. ஒரே பிரிண்டர் இரண்டாகத் தெரிவதற்கு அடிக்கடி காரணம் இதுதான்: நீங்கள் கையால் சேர்த்தது ஒன்று, அது தானாகச் சேர்த்தது ஒன்று.

அதற்குக் கீழே பிரிண்டரின் நிலை. இங்கே இரண்டு கதவுகள் உண்டு, இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புபவர்கள் ஏராளம். வரிசை வேலையை 'ஏற்றுக்கொள்கிறதா' என்பது ஒன்று, ஏற்ற வேலையைப் பிரிண்டருக்கு 'அனுப்புகிறதா' என்பது இன்னொன்று. ஏற்கும், அனுப்பாது என்ற நிலையில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோப்பும் சத்தமில்லாமல் வரிசையில் குவியும். செயலி "அனுப்பியாயிற்று" என்று சொல்லும், தாள் வராது. 'டிஸேபிள்டு சின்ஸ்' என்று ஒரு தேதியும் நேரமும் இருந்தால் அதுதான் இந்த நிலை. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், என்ன நடந்தபோது நின்றது என்று பின்னால் பொருத்திப் பார்க்க உதவும். பிழைக் கொள்கை 'ஸ்டாப்-பிரிண்டர்' என்று அமைந்திருக்கும் வரிசை ஒரே ஒரு வேலை தோற்றாலும் இப்படி நின்றுவிடும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் அந்த நிலை மாறாது, ஏனென்றால் நின்றது கணினிக்குள் இருக்கும் வரிசை. கப்ஸ்எனேபிள் என்ற கட்டளையோடு பிரிண்டரின் பெயரைக் கொடுத்தால் அனுப்பும் கதவு திறக்கும், கப்ஸ்அக்செப்ட் ஏற்கும் கதவைத் திறக்கும். இரண்டுக்கும் நிர்வாகி உரிமை வேண்டும், முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன்னால் எல்பிஸ்டாட் -ஓ என்று கேட்டு எத்தனை வேலை காத்திருக்கிறது என்று பாருங்கள். பொறுமையிழந்து ஒரே கோப்பைப் பத்து முறை அனுப்பியிருந்தால் கதவு திறந்ததும் பத்தும் வரும். வேண்டாதவற்றை கேன்சல் கட்டளையால் முதலிலேயே எடுத்துவிடலாம்.

நின்ற காரணமும் நிலை வரியை ஒட்டியே இருக்கும். ஆங்கிலத்தில் வரும் அந்தச் சிறு வாக்கியத்தை அலட்சியமாகப் படிக்காதீர்கள். 'ஃபில்டர் ஃபெயில்டு' என்றால் நெட்வொர்க்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. உங்கள் கோப்பைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் வேலை கணினிக்குள்ளேயே தோற்றிருக்கிறது. ரவுட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் அது தீராது. 'அன்ஏபிள் டு லொக்கேட்' என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 'அன்ரீச்சபிள்' என்றால் முகவரி தெரியும், அந்த இடத்துக்குப் பாதை இல்லை. 'இன் யூஸ்' என்றால்? யாரோ அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். பலரையும் வழிதவறச் செய்யும் செய்தி இதுதான். அதனால் இந்த ஒன்றிடம் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அந்த முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள்?

பிரிண்டருக்கு 192.168.1.23 என்று ஒரு ஐபி முகவரி இருந்தது என்று வையுங்கள். அதைப் பிரிண்டர் தானாக எடுத்துக்கொள்ளவில்லை, ரவுட்டர் டிஹெச்சிபி முறையில் குறிப்பிட்ட காலத்துக்குக் கடன் கொடுத்தது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அந்தத் தவணை 24 மணி நேரம். பிரிண்டர் தொடர்ந்து இயங்கினால் தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளும், முகவரி மாறாது. நான்கு நாள் அணைந்து கிடந்தால் தவணை காலாவதியாகும். பெரும்பாலான ரவுட்டர்கள் பழைய முகவரியையே திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். ஆனால் இடையில் ரவுட்டர் அணைந்து எழுந்து தன் பட்டியலை மறந்திருந்தால், அல்லது புதிதாக வந்த கைபேசி ஒன்று அந்த 23ஐ வாங்கிக்கொண்டிருந்தால், பிரிண்டருக்கு வேறு எண்தான் கிடைக்கும். கணினியின் வரிசையில் மட்டும் 23 என்றே எழுதியிருக்கும்.

இப்போது அச்சிடச் சொன்னால் கணினி 23க்குப் போய் 631 என்ற போர்ட்டைத் தட்டுகிறது. அங்கே இருப்பது கைபேசி. அதில் 631ஐக் கவனிக்கும் செயலி எதுவும் இல்லாததால் இணைப்பை மறுக்கிறது. கப்ஸுக்குத் தெரிவது மறுப்பு மட்டும்தான், மறுத்தது கைபேசி என்பது தெரியாது. வேறொரு வேலையில் மூழ்கிய பிரிண்டரும் இதேபோல் மறுக்கக்கூடும் என்பதால் "பிரிண்டர் பயன்பாட்டில் இருக்கிறது" என்ற செய்தியைக் காட்டிவிட்டு, சில விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. ஐபிபி இணைப்புக்கு கப்ஸ் இயல்பாக வைத்திருக்கும் பொறுமை 604800 விநாடி, அதாவது முழுதாக ஒரு வாரம். அதுவரை வேலை தோற்றதாக அறிவிக்காது, வரிசையும் நிற்காது. பிழைப் பெட்டி எதுவும் திரையில் எழாது. பயனர் பிரிண்டரருகே போய்ப் பார்க்கிறார், அது சும்மா நிற்கிறது. திரும்பி வந்து பார்க்கிறார், "பயன்பாட்டில்" என்கிறது கணினி.

இந்த இடத்தில்தான் பிங் செய்யச் சொல்வார்கள், அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையை அடிக்கச் சொல்வார்கள். பிங் செய்தால் பதில் வருகிறது! 23 உயிரோடு இருக்கிறது, சில மில்லி விநாடியில் பதில் சொல்கிறது. "நெட்வொர்க் சரிதான், அப்படியானால் டிரைவர்தான் கோளாறு" என்று முடிவுகட்டி டிரைவர் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதில் போய்விடும். பிங்கின் பதில் சொல்வது "இந்த எண்ணில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது" என்பதை மட்டும்தான். அது பிரிண்டரா என்று பிங்குக்குத் தெரியாது.

அதனால் பிங் செய்த கையோடு இன்னொன்றையும் செய்யுங்கள். ஐபி என்று அடித்து, இடைவெளி விட்டு, நெய்பர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஐந்து எழுத்தை அடியுங்கள். உங்கள் கணினி அண்மையில் பேசிய அண்டைக் கருவிகளின் பட்டியல் வரும். 23ஐத் தேடி அதன் எதிரே ஆறு ஜோடி எழுத்தாக இருக்கும் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவியின் நெட்வொர்க் அடையாளத்தை, பாருங்கள். பிறகு பிரிண்டரின் பலகத்தில் நெட்வொர்க் மெனுவுக்குப் போய் அமைப்புப் பக்கத்தை அச்சிடுங்கள். திரை இல்லாத மாடல்களில் வைஃபை அல்லது தகவல் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வரும், எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தத் தாளில் பிரிண்டரின் மேக் முகவரி இருக்கும். இரண்டும் ஒன்றா? ஒன்றென்றால் சரியான கருவியோடுதான் பேசுகிறீர்கள், கோளாறு வேறிடம். இல்லையென்றால் உங்கள் விடை அதே தாளில், ஐபி முகவரி என்ற வரியில் இருக்கிறது. இன்னொரு சிறு அடையாளமும் உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பொறித்த முகவரி அல்ல. இன்றைய கைபேசிகள் தனியுரிமைக்காகத் தாமே உருவாக்கிக்கொள்ளும் முகவரிகள் இப்படித்தான் இருக்கும்.

அதே தாளில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை, வேறு வழியில்லாமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கணினியில் எதையும் தொடாதீர்கள். வைஃபை கடவுச்சொல் மாறியிருக்கலாம். அல்லது ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கலாம், வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும்.

முகவரி சரி, மேக்கும் சரி என்றால் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தட்டு: என்சி -இசட்வி, பிறகு முகவரி, பிறகு 631. 'சக்ஸீடட்' என்றோ 'ஓப்பன்' என்றோ 'கனெக்டட்' என்றோ வந்தால் நெட்வொர்க் பற்றிய கவலையை விடலாம். மறுத்தால் பிரிண்டரின் சொந்த இணையப் பக்கத்தில் ஐபிபி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் பிரிண்டரின் ஐபி எண்ணை மட்டும் அடித்தாலே அந்தப் பக்கம் திறக்கும்.

கூவியும் கேட்காத பெயர்

எண் இல்லாமல் பெயரால் சேர்த்த வரிசைகளில் முகவரி மாறினாலும் கவலையில்லை என்பார்கள். கொள்கையளவில் உண்மை. பெயரைக் கேட்டு இப்போதைய எண்ணைக் கண்டுபிடிப்பது எம்டிஎன்எஸ் என்ற முறை. அது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, யூடிபி 5353 போர்ட்டில் "இந்தப் பெயருக்குரியவர் யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது அவாஹி. கூவல் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டி அடுத்த சப்நெட்டுக்கு, அதாவது நெட்வொர்க்கின் வேறொரு பிரிவுக்கு, போகாது. கணினி விருந்தினர் வைஃபையிலும் பிரிண்டர் முதன்மை வைஃபையிலும் இருந்தால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. சில ரவுட்டர்களில் வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுக்கும் தெரிவு இருக்கும், அது இயங்கினாலும் இதே கதி. விபிஎன் இயங்கும்போது மட்டும் பிரிண்டர் காணாமல் போகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பெயர் வழிக் கோளாறில் நுட்பமான ஒன்று உண்டு. பிரிண்டர் பட்டியலில் தெரியும், அச்சு மட்டும் போகாது. காரணம், பட்டியலில் காட்டுவது ஒரு வழி, பெயரை எண்ணாக மாற்றுவது இன்னொரு வழி. அவாஹி-ரிசால்வ் -என் என்று 'லோக்கல்' என முடியும் பிரிண்டர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண் வருகிறதா? அதே பெயரை கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கட்டளைக்கும் கொடுத்துப் பாருங்கள். முதலாவது பதில் சொல்லி இரண்டாவது வெறுமையாகத் திரும்பினால், அவாஹிக்குத் தெரிந்தது மற்ற நிரல்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஈடிசி அடைவிலுள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற வரியைத் திறந்து பாருங்கள். அதில் 'டிஎன்எஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'எம்டிஎன்எஸ்4_மினிமல்' இருக்க வேண்டும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் என்ற தொகுப்பை நிறுவினால் அந்த வரி தானே திருந்தும். ஆர்ச் லினக்ஸில் என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் தொகுப்பை நிறுவிய பிறகும் வரியைக் கையால் திருத்த வேண்டும். அவாஹி-ரிசால்வே பதில் சொல்லவில்லை என்றால் ஃபயர்வால் பக்கம் போங்கள், 5353 அடைபட்டிருக்கலாம்.

கப்ஸ்-பிரௌஸ்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய வழிகாட்டிகள் அதை நிறுவச் சொல்லும். 2024 செப்டம்பரில் அதில் கடுமையான பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின. யூடிபி 631இல் யார் எதை அனுப்பினாலும் நம்பிப் புது பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இருந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் வீட்டில் ஒரு பிரிண்டரை வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. நெட்வொர்க்கில் இருக்கும் ஏர்பிரிண்ட் (தனி டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறை) வகைப் பிரிண்டர்களை இன்றைய கப்ஸ் தானே காட்டும். எல்பிஸ்டாட் -ஈ என்று சிற்றெழுத்தில் கேட்டால், சேர்த்தவை மட்டுமல்லாமல் நெட்வொர்க்கில் தென்படும் பிரிண்டர்களும் வரும்.

எண்ணை நிலைநிறுத்துவது

என் பரிந்துரை, வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் எண்ணால் சேர்ப்பது. ஆனால் அந்த எண் மாறாதபடி முதலில் ரவுட்டரில் கட்டிவைக்க வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஹெச்சிபி பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற பொருளில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்குக் கொடுக்க விரும்பும் ஐபி எண்ணையும் எழுதிச் சேமியுங்கள். இங்கே ஒரு பொறி: கேபிள், வைஃபை இரண்டும் உள்ள பிரிண்டருக்கு மேக் முகவரியும் இரண்டு. கேபிளின் மேக்கை எழுதிவிட்டு வைஃபையில் இயக்கினால் ஒதுக்கீடு வேலை செய்யாது. அமைப்புத் தாளில் எந்தப் பகுதிக்குக் கீழே இருக்கும் மேக் என்று பார்த்து எழுதுங்கள். பிரிண்டரின் மெனுவிலேயே நிலையான எண்ணைக் கொடுப்பது இன்னொரு வழி, ஆனால் ரவுட்டருக்கு அது தெரியாது. அந்த எண் ரவுட்டர் கடன் கொடுக்கும் எல்லைக்குள் இருந்தால் ஒருநாள் அதையே வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடும். இரண்டு கருவி ஒரே எண்ணில் நிற்கும்போது அச்சு ஒருமுறை வரும், ஒருமுறை வராது. கண்டுபிடிக்கவே கடினமான கோளாறு அது. எனவே ரவுட்டரிலேயே செய்யுங்கள். செய்தபின் பிரிண்டரை அணைத்துப் போட்டு, புது எண்ணை வாங்கிக்கொண்டதா என்று தாளில் சரிபாருங்கள்.

இப்போது வரிசை. ஒதுக்கிய எண் 192.168.1.50 என்றால் கட்டளை இப்படி:

சூடோ எல்பிஅட்மின் -பி அச்சகம் -ஈ -வி ஐபிபி://192.168.1.50/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர்

'அச்சகம்' என்ற இடத்தில் நீங்கள் வைக்கும் பெயர், இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில். அடுத்து வரும் ஈ பெரிய எழுத்து. அது நிற்கும் இடம் மிக முக்கியம். பெயருக்குப் பின்னால் வந்தால் "இரண்டு கதவையும் திறந்து வை" என்று பொருள். -பி என்பதற்கு முன்னால் வந்தால் "கப்ஸோடு மறையாக்கத்தில் பேசு" என்று பொருள் மாறிவிடும். கட்டளை பிழையில்லாமல் முடியும், வரிசை மட்டும் மூடியே கிடக்கும். கடைசியில் உள்ள 'எவ்ரிவேர்' என்ற சொல் டிரைவர் தேட வேண்டாம், பிரிண்டரையே கேட்டுத் தெரிந்துகொள் என்று கப்ஸிடம் சொல்கிறது. ஏர்பிரிண்ட் 2010இலும் ஐபிபி எவ்ரிவேர் என்ற தரநிலை 2013இலும் வந்தன. அதன்பின் வந்த நெட்வொர்க் பிரிண்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில் பேசும். கேட்டுத் தெரிந்துகொள்வதால், கட்டளை ஓடும் அந்த நேரத்தில் பிரிண்டர் விழித்திருக்க வேண்டும். உறங்கினால் பிழை வரும், பட்டனைத் தொட்டு எழுப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று அடித்துக் கப்ஸின் பக்கத்தில் இதையே செய்யலாம். அங்கே கடவுச்சொல் கொடுத்தும் 'ஃபர்பிட்டன்' என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கு நிர்வாகக் குழுவில் இல்லை. டெபியன் குடும்பத்தில் அந்தக் குழுவின் பெயரும் எல்பிஅட்மின்தான். குழுவில் சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதை மறப்பவர்கள் அதிகம்.

டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய நேரம்

தாள் வந்து, தாளில் இருப்பது தவறாக இருந்தால்தான் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும். பக்கத்தின் உச்சியில் விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து பிஎஸ்-அடோபி என்று ஒரு வரி, பிறகு பக்கம் பக்கமாகப் புரியாத ஆங்கிலம் என்று வந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழி தெரியாத பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அது அந்தக் கட்டளைகளை வெறும் எழுத்தாக எண்ணி அச்சிடுகிறது. சாக்கெட் வழியில், 9100இல், தவறான மாடலைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் அடிக்கடி நடப்பது இது. உடனே தாள்தட்டை வெளியே இழுங்கள், பிறகு வேலையை ரத்து செய்யுங்கள். தட்டை இழுக்காவிட்டால் பிரிண்டரின் நினைவகத்தில் ஏறியது முழுவதும் வந்து தீரும்.

தாள் இருந்தும் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தாள் கேட்டால் அளவைப் பாருங்கள். கணினி லெட்டர் அளவில் அனுப்புகிறது, தட்டில் இருப்பது ஏ4. எல்பிஆப்ஷன்ஸ் -பி பெயர் -எல் என்று கேட்டால் பேஜ்சைஸ் வரியில் நட்சத்திரக் குறியோடு நிற்பது இப்போதைய அளவு. எல்பிஅட்மின் -பி பெயர் -ஓ பேஜ்சைஸ்=ஏ4 என்று மாற்றிவிடுங்கள். இதில் பேஜ் என்பதன் முதலெழுத்தும் சைஸ் என்பதன் முதலெழுத்தும் பெரிய எழுத்து, ஏவும் பெரிய எழுத்து.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் பதிவேடு இருக்கிறது. கப்ஸ்சிடிஎல் கட்டளைக்கு இரண்டு கோடு போட்டு டிபக்-லாகிங் என்று கொடுங்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். வார், லாக், கப்ஸ் என்ற அடைவுகளின் உள்ளே எரர்_லாக் என்ற கோப்பில் அந்த வேலையின் எண்ணைத் தேடி அந்த வரிகளை மட்டும் படியுங்கள். ஃபெடோராவில் ஜர்னல்சிடிஎல் -யு கப்ஸ் என்று கேட்க வேண்டும். யாரிடமாவது உதவி கேட்பதானால் இந்த வரிகளோடும் எல்பிஸ்டாட் -டி தந்த விடையோடும் கேளுங்கள், உங்களுக்கு வரும் பதிலின் தரமே வேறாக இருக்கும். வேலை முடிந்ததும் நோ-டிபக்-லாகிங் கொடுத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவேடு வேகமாகப் பெருகும்.

சரியானதும் பழைய வரிசைகளை இப்போது நீக்கலாம். எல்பிஅட்மின் -எக்ஸ் கொடுத்து 2, 3 என்று முடிபவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சியதை எல்பிஅட்மின் -டி கொடுத்து (இது 'டிஃபால்ட்' என்பதன் முதலெழுத்து, எல்பிஸ்டாட்டில் வந்த டி அல்ல) இயல்புநிலையாக்குங்கள். பிறகு ரவுட்டர், பிரிண்டர், கணினி மூன்றையும் அணையுங்கள். வேண்டுமென்றே வரிசை மாற்றி, கணினியை முதலிலும் பிரிண்டரைக் கடைசியிலும் போடுங்கள். பிரிண்டர் எழுவதற்குள் ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டு எல்பிஸ்டாட் -டி அடித்துப் பாருங்கள். வேலை காத்திருக்கும். பிரிண்டர் வைஃபையில் சேர்ந்து 50 என்ற எண்ணை வாங்கிய சிறிது நேரத்தில், நீங்கள் எதையும் தொடாமலே, அந்தப் பக்கம் வெளியே வரும்.